டபுள்ஸுக்கு எந்தப் பேட்டு

எங்கள் ஆபீஸில் கூரியர் கவர்களை எடை பார்க்க ஒரு சின்ன எலெக்ட்ரானிக் தராசு உண்டு. துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கக் காகித வேலை செய்து கொடுக்கும் ஆபீஸ் அது. ராயபுரத்தில், இரண்டாவது மாடி. கண்டெய்னரின் மொத்த எடை, நிகர எடை, பெட்டிவாரியான எடை என்று இருபது வருஷமாக எடைகளைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. பத்து கிலோ இடித்தாலும் சுங்கத்தில் கேள்வி வரும். அதனால் எதையும் எடை போட்டுப் பார்க்காமல் நம்புவதில்லை என்பது எனக்கு ஊறிப்போன பழக்கம். மதியம் எல்லோரும் சாப்பிடப் போன பிறகு அந்தத் தராசில் நான் ஷட்டில் பேட்டுகளை எடை போட்டிருக்கிறேன். ஒன்றிரண்டு இல்லை, பதினோரு பேட்டு. நாற்பத்தாறு வயதுப் பொம்பளை செய்கிற வேலையா இது என்று ஆபீஸ் பியூன் கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன்.

சிங்கிள்ஸுக்கு ஒரு பேட்டு, டபுள்ஸுக்கு ஒரு பேட்டு என்று இருப்பதே எனக்கு நாற்பது வயது வரைக்கும் தெரியாது. சின்ன வயதில் தெருவில் ஆடியபோது நரம்பு அறுந்த பேட்டு, அறுந்து போகாத பேட்டு என்று இரண்டே வகைதான். போனில் வீடியோ பார்க்க ஆரம்பித்த பிறகு தலைகால் புரியாமல் போயிற்று. தலைப்பக்கம் கனமான பேட்டு, பிடிப்பக்கம் கனமான பேட்டு, நடுவில் நிற்கிற பேட்டு. வளைகிற தண்டு, வளையாத தண்டு. நரம்பை எத்தனை பவுண்டுக்கு இழுத்துக் கட்டுவது என்று தனியாக ஒரு சண்டை. ஒரு குயர் நோட்டு வாங்கி எல்லாவற்றையும் எழுதி வைத்தேன்.

சுருக்கமாகச் சொன்னால் விஷயம் இதுதான். சிங்கிள்ஸில் மொத்தக் களத்துக்கும் நீ ஒருத்திதான். பின்கோட்டிலிருந்து எதிராளியின் பின்கோடு வரைக்கும் ஷட்டில் காக் போய்ச் சேர வேண்டும். ஓடிப் போய் நின்று கையை ஓங்க நேரம் கிடைக்கும். அதனால் தலை கனமான பேட்டு நல்லது. ஓங்கி விட்டால் மீதியை அந்தக் கனம் பார்த்துக்கொள்ளும். டபுள்ஸில் அந்த நேரம் கிடையாது. நாலு பேர் நிற்கிற களத்தில் காக் நெஞ்சுக்கு நேராக வரும், இடுப்புக்கு வரும், முகத்துக்கும் வரும். கனமான தலையைத் தூக்குவதற்குள் பாயிண்ட் போய்விடும். அதற்குத் தலை லேசான பேட்டு வேண்டும். கையை ஓங்காமல், விரல்களை இறுக்கியே அடித்துவிடலாம். விரல்களை இறுக்கி. இதையும் என் கையாலேயே அந்த நோட்டில் எழுதி, அடியில் கோடு கிழித்திருக்கிறேன்.

நாங்கள் ஆடிய இடம் காசிமேட்டுப் பக்கம் மூடிக் கிடக்கும் ஒரு ஐஸ் கம்பெனியின் முற்றம். மூன்று பக்கம் சுவர், கிழக்கே திறந்த வெளி, அதற்கு அப்பால் கடல். சிமெண்டுத் தரையில் பெயிண்டால் கோடு போட்டு, மீன்வலையை மடித்துத் தைத்து நெட்டாகக் கட்டியிருந்தார்கள். ஆபீஸ் முடிந்து ஐந்தரைக்கு அங்கே போனால் கடல்காற்று ஆளைத் தள்ளும். காற்றை எதிர்த்து அடித்த காக் பாதியில் நின்று திரும்பி நம் மூக்குக்கே வரும். அதற்கு அந்த ஆட்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். வலையின் அடியில் கோர்க்கிற ஈயக்குண்டு இருக்கிறதே, அதைச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, பேட்டின் தலையில் வைத்து டேப் ஒட்டிவிடுவார்கள். ஈயம் வைப்பது என்று அதற்குப் பெயர். அங்கே ஆடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரின் பேட்டில் ஈயம் இருந்தது. காற்றுக்காகத்தான் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் பார்ட்னரின் பேட்டிலும் ஈயம் இருந்தது. மற்றவர்கள் வைப்பதைப்போல் இரண்டு மடங்கு.

அவள் என்னைவிட மூன்று வயது சின்னவள். ஹார்பருக்குப் போகிற வழியில் வலைச் சாமான் கடை வைத்திருந்தாள். கயிறு, மிதவை, தூண்டிலுக்குத் தங்கூசி நரம்பு, ஈயக்குண்டு. புருஷன் போட்டில் போகிறவர், போனால் பத்து நாள் வர மாட்டார். கடையில் வியாபாரம் எல்லாம் விடியற்காலையிலேயே முடிந்துவிடும் என்பதால் சாயங்காலம் முற்றத்தின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பாள். அந்த நெட்டைத் தைத்துக் கொடுத்தவளே அவள்தான். ஒரு நாள் என்னோடு ஆடுகிற பெண் வரவில்லை. சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், வா என்று கூப்பிட்டேன். மறுநாள் ஒரு பழைய பேட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். அதன் பிறகு நாலு வருஷம் எனக்கு வேறு பார்ட்னர் இல்லை.

அவள் ஆட்டம் விசித்திரமானது. மணிக்கட்டால் அடிக்கவே மாட்டாள். தோளிலிருந்து மொத்தக் கையும் சுற்றும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் காக் எங்கே வரும் என்பது அவளுக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் எப்போதும் சீக்கிரமே போய் நின்றுகொள்வாள். பின்பக்கத்தை அவள் பார்த்துக்கொள்ள நான் முன்பக்கம் துள்ளிக்கொண்டிருப்பேன். ஒவ்வொரு பாயிண்டுக்கும் உள்ளங்கையை உள்ளங்கையோடு தட்டிக்கொள்வோம். முற்றத்தில் எங்களை ஜெயிக்க இரண்டு ஜோடிகள்தான் இருந்தன, இரண்டும் ஆம்பளைகள்.

அவளுடைய பேட்டு எனக்குக் கண்ணில் விழுந்த தூசு. தலையில் அவ்வளவு ஈயம். பிடியில் பச்சை வலைநூலை வரிசை வரிசையாகச் சுற்றிச் சுற்றி உலக்கைப் பருமனுக்கு ஆக்கி வைத்திருந்தாள். ஆபீஸ் தராசில் போட்டபோது மற்ற பேட்டுகளைவிட அது கிட்டத்தட்ட கால் பங்கு அதிகம் காட்டியது. அன்றைக்குச் சாயங்காலமே அவள் கடைக்குப் போனேன். கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்துகொண்டு நோட்டைப் பிரித்தேன்.

"இது டபுள்ஸ் பேட்டே இல்லமே. சிங்கிள்ஸுக்கே இது ஓவரு. ஒரு பேட்டு இம்மாம் கனம் இருக்கக் கூடாது."

"எனுக்கு இத்துதான் பழகிச்சிக்கா," என்றாள். யாருக்கோ கயிறு அளந்துகொண்டிருந்தாள்.

"பழக்கம் வேற, சரி வேற. இந்த ஈயத்த எடுத்துட்டா உன் கை எவ்ளோ வேகமா வரும் தெரியுமா?"

"காத்து அடிக்குதேக்கா."

"உள்ள ஆடுனா காத்து ஏது?"

உள்ளே ஆடப் போகிறோம் என்பதைத்தான் அப்படிச் சொன்னேன். புழல் பக்கம் புதிதாக ஒரு உள்ளரங்கம் கட்டியிருந்தார்கள். மரத்தரை, மஞ்சள் விளக்கு, நாலு களம். முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு அங்கே ஒரு டபுள்ஸ் போட்டி வைக்கிறார்கள் என்று போனில் வந்தது. அவளைக் கேட்காமலே இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டேன். பள்ளிக்கூடத்தோடு என் விளையாட்டெல்லாம் நின்று போயிற்று. கல்யாணம், பிள்ளைகள், ஆபீஸ். ஒரே ஒரு தடவையாவது நம்பர் குத்திய பனியனோடு, அம்பயர் உட்கார்ந்திருக்கிற களத்தில் ஆட வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆசை என்பது சின்ன வார்த்தை. வெறி.

அவளுக்கு ஒரு புது பேட்டு வாங்கினேன். இருப்பதிலேயே லேசானது, பிடி மெலிந்தது, தலையைத் தூக்கினால் காற்றைத் தூக்குவதுபோல் இருக்கும். கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தபோது அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உறையிலிருந்து எடுத்துத் தடவித் தடவிப் பார்த்தாள். "எனக்கா? மெய்யாலுமா?" என்று மூன்று தடவை கேட்டாள். யாரும் அவளுக்கு எதுவும் வாங்கிக் கொடுத்ததில்லை போலிருக்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு வாரம் முற்றத்தில் அதை வைத்துத்தான் ஆடினாள். சரியாக வரவில்லை. காக் பேட்டின் ஓரத்தில் பட்டுத் தெறித்தது. அடிக்கிற நேரத்தில் பேட்டு கைக்குள்ளேயே திரும்பிக்கொண்டது. பின்கோட்டிலிருந்து அவள் அடித்தது பாதித் தூரத்துக்கு மேல் போகவில்லை. நான் வீடியோக்களைக் காட்டினேன். கையை ஓங்காதே, கடைசி நிமிஷத்தில் விரல்களை இறுக்கு, இறுக்கு என்று கத்தினேன். "வரலக்கா," என்பாள். "வரும், பழகிடும்," என்பேன். அந்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு தடவை அவளுடைய கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பேட்டைத்தான் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை காலை. அரங்கத்து வாசலில் அவளைச் சந்தித்தபோது புது பேட்டை உறையிலிருந்து எடுத்தாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. பிடி முழுக்கப் பச்சை வலைநூல். தலையில் ஈயத்தகடு, அதன்மேல் கறுப்பு டேப். முந்தின நாள் உட்கார்ந்து அவளே செய்திருக்கிறாள்.

சுற்றிலும் பெண்கள். பெரிய தோள்பைகள், வெள்ளை ஷூக்கள், குதிரைவால் சடைகள். அண்ணா நகர், வேளச்சேரி என்று எங்கெங்கிருந்தோ காரில் வந்திருந்தார்கள். அதில் ஒருத்தி இந்தப் பேட்டைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவ்வளவு நாளும் கிராம் கணக்கு, தலை கனம், தண்டு வளைவு என்று நான் பேசியதெல்லாம் ஒரு போர்வை. எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் ராயபுரத்துக்காரிதான், ஆபீஸுக்காகப் பேச்சை மாற்றிக்கொண்டவள். வலைநூலும் ஈயக்குண்டும் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் எங்கள் இரண்டு பேரையும் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்கு டபுள்ஸ் பேட்டு என்று பெயர் வைத்திருந்தேன்.

பெயர் பதிகிற மேஜையில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன்.

"யக்கா, வேணாங்கா," என்றாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

"நீ சும்மாரு. கலீஜா கீது."

நாலே வெட்டு. அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருந்த நூல் கொத்தாகக் கீழே விழுந்தது. டேப்பைப் பிய்த்து ஈயத்தகட்டை எடுத்து என் பையின் பக்கவாட்டு ஜிப்பில் போட்டுக்கொண்டேன். அவள் குனிந்து நூல்களைப் பொறுக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். அவளைப் பார்க்காமல் நான் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எதிரணிக்காரிகள் ஐந்தே நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். எல்லாக் காக்கும் அவளுக்கே போனது. நெஞ்சுக்கு, இடுப்புக்கு, தோளுக்கு. ஒவ்வொன்றுக்கும் பேட்டு அவள் கையில் சுழன்றது. ஒவ்வொரு பாயிண்டுக்குப் பிறகும் பனியனில் கையைத் துடைத்துக்கொண்டாள், வியர்வையே இல்லாத கையை. முதல் செட்டில் நாங்கள் எடுத்தது ஒன்பதே பாயிண்ட். இரண்டாவது செட்டில் ஒரு ஸ்மாஷுக்கு ஓங்கினாள், பேட்டு கையை விட்டுப் பறந்து நெட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் விழுந்தது. எதிராளி ஒருத்தி அதை எடுத்து இரண்டு விரலால் தூக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

நான் கத்தினேன். ஆபீஸ் பேச்சு எங்கே போனதோ தெரியவில்லை.

"கையில இன்னாமே, வெண்ண தடவிகினு வந்துகீறியா?"

நாலு களத்திலும் ஆட்டம் ஒரு நொடி நின்று போயிற்று. அவள் என்னைப் பார்த்தாள். பேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தன்னுடைய இடத்துக்குப் போய் நின்றாள். மிச்சப் பாயிண்டுகள் எப்படிப் போயின என்று எனக்கு நினைவில்லை. உள்ளங்கையைத் தட்டிக்கொள்ளவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது.

திரும்பும்போது ஒரே ஆட்டோ. உறைக்குள் போட்ட பேட்டை இருவருக்கும் நடுவில், சீட்டில் வைத்தாள். உனக்கென்று வாங்கியது, நீயே வைத்துக்கொள் என்றேன். அதை நான் சொன்ன விதத்துக்கு எந்த மானமுள்ளவளும் தூக்கி எறிந்திருப்பாள். அவள் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். நான் திருவொற்றியூர் போக வேண்டும், அவள் காசிமேட்டுக்கு. வெளியில் எங்கே போய் வந்தாலும் டோல்கேட்டில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டுப் பிரிவது எங்கள் வழக்கம். அன்றைக்கு ஆட்டோ நின்றதும், "வர்றேங்கா," என்று இறங்கி நடந்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவள் முற்றத்துக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் பண்ணினேன். "சரக்கு வந்துகீதுக்கா, கடைல வேல," என்றாள். எனக்குக் கோபம். தோற்றது நாங்கள் இரண்டு பேரும், இவளுக்கு மட்டும் என்ன ரோஷம் என்று நினைத்தேன். நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மனசார எழுதுகிறேன், தோன்றவே இல்லை. வேறு பார்ட்னர் பிடித்தேன். பேங்கில் வேலை, நல்ல மணிக்கட்டு, லேசான பேட்டு. நோட்டில் எழுதியபடியே ஆடுவாள். நாங்கள் நிறைய ஜெயித்தோம். ஆட்டம் முடிந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு நேராக ஸ்கூட்டருக்குப் போய்விடுவாள். வெற்றுச் சுவரைப் பார்த்தபடி தண்ணீர் குடித்துவிட்டு நான் பஸ் ஏறுவேன்.

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் காலை ஆபீஸ் ஷட்டரைத் தூக்கும்போது அது கைநழுவிச் சரிந்தது. என் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மாட்டிக்கொண்டன. இரண்டிலும் எலும்பு முறிவு. கட்டுப் போட்டு, ஆறு வாரம் கையை ஆட்டக் கூடாது என்று அனுப்பினார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் மணி அடித்தது. என் வீட்டுக்காரர் போய்த் திறந்தார். அவள் நின்றுகொண்டிருந்தாள், கையில் ஒரு பை. முற்றத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"பால்சுறா கொண்டாந்துகீறேன். புட்டு பண்ணிப் போட்டா புண்ணு சீக்கிரம் ஆறும்," என்று சொல்லிக்கொண்டே சமையலறைக்குள் போனாள். என் வீடு அவளுக்குப் புதுசு. ஆனாலும் மஞ்சள் எங்கே, பூண்டு எங்கே என்று ஒன்றையும் கேட்கவில்லை, தானே தேடிக்கொண்டாள். சுறாவை வேகவைத்து, தோலை உரித்து, உதிர்த்து, வதக்கிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். நான் இடது கையில் ஸ்பூனைப் பிடித்துத் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கட்டுப் போட்ட என் கையை மெதுவாக எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எந்த வெரலுக்கா?"

காட்டினேன்.

"ஐயோ. இந்த ரெண்டுதான் பேட்டுக்கு உசுரு."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தன்னுடைய வலது கையை விரித்துக் காட்டினாள். பிறகு மடக்கினாள். மூன்று விரல்கள் மடங்கின. சுண்டு விரலும் மோதிர விரலும் அப்படியே நின்றன. சுண்டு விரலின் அடியிலிருந்து உள்ளங்கைக்கு ஒரு வெளுத்த தழும்பு இறங்கியது.

"கண்ணாலம் ஆன புச்சுல ஹார்பர்ல மீன் பிரிச்சிகினு இருந்தேன். கெளுத்தி முள்ளு ஏறிச்சி. சீழ் வெச்சி, கை இம்மாம் பெரிசா வீங்கி, ஆஸ்பத்திரில கிழிச்சி உட்டாங்க. வெரலு தப்பிச்சிச்சே, அத்த சொல்லு. அப்பத்துலேர்ந்து இத்து ரெண்டும் மடங்காது. பேட்டு மெலிசா இருந்தா உள்ள சுத்திகினு பூடும். அதான் நூலு போட்டுத் தடிக்க வெச்சிப்பேன். இறுக்க முட்யாதுல்ல, அதான் தலைல கனம். ஓங்கி உட்டா அதுவே போவும்."

என் நோட்டில் நான் எழுதிய அதே வாக்கியம். ஓங்கி விட்டால் மீதியை அந்தக் கனம் பார்த்துக்கொள்ளும். எனக்கு மூன்று மாத வீடியோ தேவைப்பட்டது. அவள் தன் கையை வைத்தே கண்டுபிடித்து, அதற்கேற்ப ஒரு பேட்டையும் செய்துகொண்டிருந்தாள்.

"ஏன்மே எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

அவள் கோபமாகச் சொல்லவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் புட்டை வைத்துக்கொண்டே சொன்னாள்.

"நீ கேட்டியாக்கா? எத்தினி கிராமுன்னுதான் கேட்ட."

எனக்கு அழத் தெரியாது, கோபப்படத்தான் தெரியும் என்று வீட்டில் சொல்வார்கள். அன்றைக்கு அழுதேன். நாலு வருஷம், ஒரு நாளைக்கு முப்பது நாற்பது தடவை அந்த உள்ளங்கையைத் தட்டியிருக்கிறேன். தட்டுவதற்கு விரலை மடக்க வேண்டியதில்லை. அதனால் எனக்குத் தெரியாமல் போயிற்று என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் விரல்களை இறுக்கு, இறுக்கு என்று இரண்டு வாரம் அந்தக் கைக்கு முன்னால் நின்று கத்தியவள் நான். நாலு பேர் முன்னால் வெண்ணெய் என்றவள் நான். மன்னித்துக்கொள் என்றேன். "உடுக்கா, சுறா ஆறிப் பூடும்," என்றாள்.

கட்டைப் பிரித்த பிறகும் என் விரல்கள் வெகுநாள் மடங்கவில்லை. ஸ்பான்ஜ் பந்து ஒன்றைக் கொடுத்து அமுக்கச் சொன்னார்கள். ஒரு சாயங்காலம் பொறுக்க மாட்டாமல் முற்றத்துக்குப் போய் என் லேசான பேட்டை எடுத்து ஒரே ஒரு தடவை காக் அடித்தேன். கைக்குள் அது சுற்றிக்கொண்டு ஓடியது. காக் ஓரத்தில் பட்டுக் காலடியில் விழுந்தது. பேங்க்காரப் பெண், "மெதுவா, பழகிடும்," என்றாள்.

இப்போது என் விரல்கள் சரியாகிவிட்டன. அவளுடையவை ஆகப் போவதில்லை. வாரத்துக்கு ஒரு நாளாவது கடைக்குப் போய் ஆட வா என்று கூப்பிடுகிறேன். "பாக்கலாங்கா," என்பாள். பழைய பேட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். புதுசு வந்த அன்றே யாருக்கோ கொடுத்துவிட்டாளாம். நான் வாங்கித் தந்த பேட்டு கடைச் சுவரில், தங்கூசிச் சுருள்களுக்கு நடுவில், உறையோடு ஆணியில் தொங்குகிறது.

போன வாரம் அந்த ஈயத்தகட்டை எடுத்துக்கொண்டு போனேன். புழலில் என் பையின் ஜிப்பில் போட்டது, அங்கேயே கிடந்தது. பார்த்ததும், "இத்த இன்னும் வெச்சிகினு கீறியா?" என்று சிரித்தாள். அவளைக் கேட்காமலே ஆணியிலிருந்து பேட்டை எடுத்து, பச்சை நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்தேன். எனக்குச் சுற்ற வரவில்லை. நூல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டது. "இழுத்துப் புடிக்கா, இன்னும் ரெண்டு சுத்து," என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். தகட்டைத் தலையில் வைத்து டேப் ஒட்டி அவளிடம் கொடுத்தேன்.

வாங்கிப் பிடித்தாள். மூன்று விரல்கள் மூடின, இரண்டு பிடியின்மேல் நீட்டிப் படுத்துக்கொண்டன. இரண்டு பக்கமும் கயிறு அடுக்கிய சந்தில் தோளிலிருந்து ஒரு தடவை ஓங்கிச் சுற்றினாள். காற்றில் அந்தச் சத்தம், நாலு வருஷம் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட சத்தம்.

"சோக்கா கீதுக்கா."

"அப்ப வாமே. இன்னிக்கே வா. ஒரே ஒரு கேம்."

அவள் பிடியில் நீட்டிக்கொண்டிருந்த நூல் முனையை உள்ளே செருகினாள். வாசலில் ஒரு ஆள் வந்து ஈயக்குண்டு அரைக் கிலோ வேண்டும் என்று கேட்டார். பேட்டை உறைக்குள் போட்டுப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டுத் தராசுப் பக்கம் போனாள். ஈயக்குண்டுகளை அள்ளி அள்ளித் தட்டில் போட்டாள், இடது கையால். அந்த நாலு வருஷமும் இடது கையால்தான் போட்டிருப்பாள். நான் இதே கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து, அவளுக்கு எந்தப் பேட்டு நல்லது என்று அவளுக்கே விளக்கிக்கொண்டிருந்தேன்.